ஆறாம் பக்கம், இடது மூலை

நிலோபர்,
நீ கேட்டு ஒன்பது நாளாகிறது.
பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம்
போன் அடித்தது.
அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.
ஆனால் நீ விடமாட்டாய் போலிருக்கிறது.
நல்லது. அந்தக் குணம் வேண்டும்.

சம்பளம் கேட்டிருந்தாய்.
செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு.
மேட்டூர் நீர்மட்டம் கணக்கில் வராது.
லீ பஜார் மஞ்சள் விலை கணக்கில் வராது.
செத்தால் வரும். மூன்று பேருக்கு மேல் என்றால்
பெட்ரோலுக்கும் தருவார்கள்.
பெயர் வராது. நான்கு வருடமாக
'நமது நிருபர்' என்பதுதான் என் பெயர்.
அம்மா அதைத்தான் வெட்டி
பீரோ கதவில் ஒட்டியிருக்கிறாள்.

மற்றதை விடு.
ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

ஏற்காடு மலைப்பாதை, பதின்மூன்றாவது கொண்டை ஊசி வளைவு.
காபித் தோட்டத்து ஆட்களை ஏற்றிவந்த வேன்
மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக்கில் மோதித்
தொங்குகிறது என்றார்கள்.
நான் அஸ்தம்பட்டியில். மணி பத்தே கால்.
மழை. வண்டியில் பெட்ரோல் இல்லை.
பதினொன்றுக்குப் பக்கத்தை மூடிவிடுவார்கள்.
ஸ்டேஷனுக்கு அடித்தேன்.
எடுத்தவர் எதையோ மென்றபடி
"ஆறு பேருக்கு அடி.
சின்னப்பொண்ணு மட்டும் போயிடுச்சு" என்றார்.

வயது கேட்கத் தோன்றவில்லை.
இல்லை, பொய். தோன்றியது.
லைன் கட்டானது. மறுபடி அடிக்கவில்லை.

நாற்பது வார்த்தை தட்டினேன்:
வேன் மோதி சிறுமி பலி.
'பள்ளி மாணவியா?' டெஸ்க்கில் கேட்டார்கள்.
'இருக்கலாம்' என்றேன்.
அந்த 'லாம்' அச்சுக்குப் போகும் வழியில்
எங்கேயோ உதிர்ந்துவிட்டது.
காலையில் அவள் பள்ளி மாணவி.

இரண்டு நாள் கழித்து
ஐந்து ரோடு ஆபீஸ் மாடிப்படியில்
செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் நின்றிருந்தார்.
காத்தவராயன். பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு,
நான்காக மடித்த எங்கள் பேப்பர்.
"எங்கம்மா பேரே சின்னப்பொண்ணுதானுங்க.
வயசு அம்பத்திரண்டு."

சண்டைக்கு வந்திருந்தால் தேவலை.
நிவாரண மனு எழுதித் தந்தவர்
பேப்பர் கட்டிங்கையும் இணைக்கச் சொன்னாராம்.
வயது இடிக்கிறதாம். அவ்வளவுதான் வந்த விஷயம்.
படி இறங்கும்போது
எனக்கில்லாமல் சுவருக்குச் சொல்வதுபோல்,
"யாராச்சும் வாசிச்சுக் காட்டியிருந்தா
அம்மா சிரிச்சிருக்கும்.
பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல."

திருத்தம் வந்தது. ஆறாம் பக்கம், இடது மூலை,
போர்வெல் விளம்பரத்துக்குக் கீழே, மூன்று வரி.
திருத்தத்துக்குக் காசு கிடையாது.
நான் எழுதியதிலேயே
ஒரு எழுத்தும் தப்பில்லாதது அதுதான்.
அனுப்புமுன் அவருக்கு ஐந்து முறை அடித்தேன்.
நடுவில் 'ப்' வருமா,
'பொண்ணு'வா 'பெண்ணு'வா,
இனிஷியல் அப்பாவுடையதா, புருஷனுடையதா.
ஐந்தாவது முறை
"காபி பறிக்கப் போறேன் மேடம்,
அங்க சிக்னல் இருக்காது" என்றார்.

படிக்கலாமா, வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை.
டிகிரி இருந்திருந்தால் அன்றைக்கு
மறுபடி அடித்திருப்பேனா?
அதுவும் தெரியவில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள்.
பத்து மணிக்கு வரிசையில் போய் நில்.
தண்ணீர் எடுத்துக்கொள். பேனா இரண்டு,
ஒன்று எப்படியும் திரும்பி வராது.
பேட்டியெல்லாம் எடுக்காதே.
யாராவது ஒருவரிடம் பெயரைக் கேள்.
சொன்னதும் இன்னொரு தரம் கேள்.
முறைப்பார்கள்.
மூன்றாம் தரம் கேட்க வாய் வந்தால்
எனக்கு ஒரு போன் போடு.
எடுக்காமல் போனாலும் போவேன்.
மறுபடி போடு.